வயல் வரம்பில் நடக்க வேண்டிய கால்: பாத, கணுக்கால் சத்திரசிகிச்சை பழகும் டொக்டரிடம் எதை எதிர்பார்க்கலாம்?

"ஒப்பரேசன் செய்யப்போறது பெரிய டொக்டரா, படிக்கிற டொக்டரா?"

முல்லைத்தீவிலோ கிளிநொச்சியிலோ கணுக்கால் முறிந்து, யாழ்ப்பாணத்துக்கோ அநுராதபுரத்துக்கோ மாற்றி அனுப்பப்படுகிறவரின் வீட்டுக்காரர் வார்டில் கேட்கிற முதல் கேள்வி பெரும்பாலும் இதுதான். கேட்பதில் பிழை இல்லை. ஆனால் அந்தப் படிக்கிற டொக்டர் எவ்வளவு படித்தவர், இன்னும் என்ன படிக்க வேண்டியவர், அவர் கத்தி பிடிக்கும்போது பக்கத்தில் யார் நிற்பார் என்பதையும் சேர்த்து அறிந்தால்தான் பதில் விளங்கும். வயலிலும் மணலிலும் வெறுங்காலோடு நடக்கிற வன்னி மக்களுக்கு அந்தப் படிப்பில் என்ன இருக்க வேண்டும் என்பது அடுத்த கேள்வி.

யார் இந்தப் படிக்கிற டொக்டர்?

மருத்துவ பீடத்தில் 5 வருடம், அதற்குப் பிறகு உள்ளகப் பயிற்சி 1 வருடம். அது முடிந்ததும் அவர் முழு டொக்டர். அப்புறம் சத்திரசிகிச்சை நிபுணராக வர விரும்பினால், கொழும்புப் பல்கலைக்கழகத்தின் கீழுள்ள பட்டப்பின்படிப்பு மருத்துவ நிறுவகத்தின் தேர்வை எழுதி உள்ளே போக வேண்டும். அங்கிருந்து ரெஜிஸ்ட்ரார், பிறகு சீனியர் ரெஜிஸ்ட்ரார், வெளிநாட்டில் ஒரு பயிற்சிக் காலம், கடைசியில் நிபுணர் என்ற சான்று. அமெரிக்காவில் 'ரெசிடென்ட்' என்று சொல்வது ஏறக்குறைய நம் ரெஜிஸ்ட்ராரைத்தான்.

ஆகவே வார்டில் நீங்கள் பார்க்கும் 'படிக்கிற டொக்டர்' பல வருடம் நோயாளிகளைப் பார்த்த ஒருவர். அவர் பழகிக்கொண்டிருப்பது டொக்டர் வேலையை அல்ல, குறிப்பிட்ட ஒரு கைத்திறனை.

நம் மாவட்ட வைத்தியசாலைகளில் பாதத்துக்கென்று தனி நிபுணரை எதிர்பார்க்க முடியாது. இடுப்பையும் முழங்காலையும் பார்க்கிற அதே என்பியல் நிபுணர்தான் பாதத்தையும் பார்ப்பார். அமெரிக்காவில் இதற்கு இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, என்பியல் சத்திரசிகிச்சையில் 5 வருடம் பழகி, அதன்மேல் பாதத்துக்கும் கணுக்காலுக்கும் மட்டும் ஒரு வருடம் பழகுவது. மற்றது, தொடக்கத்திலிருந்தே பாத மருத்துவம் என்ற தனிப் பட்டத்தை 4 வருடம் படித்து, பிறகு 3 வருடம் வைத்தியசாலையில் பழகுவது. இணையத்தில் பாத சத்திரசிகிச்சைப் பயிற்சி பற்றித் தேடிப் படிக்கிறவர்கள் குழம்புவது பெரும்பாலும் இந்த இரண்டையும் ஒன்றாக எடுத்துக்கொள்வதால்தான்.

பாதத்துக்குள் என்ன இருக்கிறது?

ஒரு பாதத்தில் 26 எலும்பு. இரண்டு பாதத்திலும் சேர்த்து 52. உடம்பில் உள்ள 206 எலும்புகளில் கால்வாசி கணுக்காலுக்குக் கீழேதான் இருக்கிறது.

இதில் இரண்டு மூட்டுகளை மட்டும் பிரித்து விளங்கிக்கொண்டால் மிச்சமெல்லாம் இலகு. கணுக்கால் மூட்டு பாதத்தை மேலும் கீழும் அசைக்கும். குந்தி இருப்பதற்கும் படி இறங்குவதற்கும் அது வேண்டும். அதற்கு நேர் கீழே, குதிக்கால் எலும்புக்கும் தாலசு என்ற எலும்புக்கும் நடுவில் இன்னொரு மூட்டு. அது பாதத்தை உள்ளேயும் வெளியேயும் சரிக்கும். சீமெந்துத் தரையில் நடக்கிறவருக்கு அப்படி ஒரு மூட்டு இருப்பதே தெரியாது. வயல் வரம்பில் ஒரு நாள் நடந்தால் தெரியும். சரிந்த மண்ணுக்கு ஏற்றபடி பாதம் தானே சாய்ந்து கொடுப்பது அந்த மூட்டால்தான். குதிக்கால் முறிந்து மாறிய பிறகு, "ரோட்டில நடப்பன், வரம்பில நடக்கேலாது" என்று ஒருவர் சொன்னால், எந்த மூட்டு இறுகிவிட்டது என்பதை எக்ஸ்றே பார்க்காமலே ஊகிக்கலாம்.

தாலசு ஒரு விசித்திரமான எலும்பு. எந்தத் தசையும் அதில் வந்து ஒட்டுவதில்லை. மேற்பரப்பில் ஏறக்குறைய 60 வீதம் குருத்தெலும்பு மூடியிருப்பதால் இரத்தக் குழாய் நுழைவதற்கு இடம் குறைவு. அதன் கழுத்துப் பகுதி முறிந்து விலகினால் உள்ளே இரத்தம் போகாமல் எலும்பு செத்துப்போகக்கூடும். கணுக்காலோ மில்லிமீற்றர் கணக்கில் வேலை செய்கிற மூட்டு. தாலசு வெளிப்பக்கமாக 1 மில்லிமீற்றர் நகர்ந்தாலே மூட்டில் எலும்பும் எலும்பும் தொடுகிற பரப்பு சராசரியாக 42 வீதம் குறைகிறது என்று 1976இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. இவற்றோடு சேர்த்து, இந்த இடத்தில் எலும்புக்கும் வெளிக்காற்றுக்கும் நடுவில் இருப்பது மெல்லிய தோல் மட்டும்தான். தொடையில் இருப்பதுபோல மூடிப் பாதுகாக்கத் தசை கிடையாது. வீட்டுக்காரரைக் குழப்புகிற பல முடிவுகளுக்கு, முக்கியமாக "ஏன் இன்னும் ஒப்பரேசன் செய்யவில்லை" என்ற கேள்விக்கு, இந்தத் தோல்தான் காரணம்.

எத்தனை செய்தால் பழகியதாகக் கணக்கு?

அமெரிக்காவில் எண்ணிக்கை வைத்திருக்கிறார்கள். என்பியலில் பழகுகிறவர் 5 வருடத்தில் குறைந்தது 1000 சத்திரசிகிச்சையில் பங்கெடுத்துப் பதிய வேண்டும். அதற்குள் கணுக்கால் முறிவைப் பொருத்துவது குறைந்தது 15, கணுக்காலையோ அதற்குக் கீழுள்ள மூட்டுகளையோ நிரந்தரமாக இணைத்து அசையாமல் ஆக்குவது குறைந்தது 5. பாத மருத்துவ வழியில் போகிறவருக்கான எண்கள் வேறு: பாதம், கணுக்கால் சத்திரசிகிச்சை நோயாளிகள் 300, குழந்தைகளின் பாதம் 25 என்று போகிறது அந்தப் பட்டியல்.

ஒரு மூட்டை இணைக்கும் ஒப்பரேசனை 5 தரம் செய்தவருக்கு அது கைவந்துவிட்டது என்று சொல்ல முடியுமா? முடியாது. அந்த எண் ஒரு கீழ்வரம்பு. இதற்குக் கீழே போனால் அந்த நிலையத்தில் பயிற்சி நடக்கவில்லை என்று கண்டுபிடிப்பதற்காக வைத்தது.

பிரித்தானியாவில் எண்ணிக்கையோடு இன்னொன்றையும் பதிகிறார்கள். வீட்டுக்காரர் விளங்கிக்கொள்ள வேண்டியது இதைத்தான் என்று நினைக்கிறேன். ஒவ்வொரு ஒப்பரேசனுக்கும் எதிரே, பயிலுநர் அதில் என்னவாக நின்றார் என்று எழுத வேண்டும்:

1. கை கொடுத்தார். வெட்டியவர் நிபுணர்.
2. தானே செய்தார். நிபுணர் கையுறை போட்டுக்கொண்டு மேசையில் எதிரே நின்றார்.
3. தானே செய்தார். நிபுணர் தியேட்டருக்குள் இருந்தார், ஆனால் கையுறை போடவில்லை.
4. தனியே செய்தார்.
5. தனக்கு இளையவருக்குச் சொல்லிக்கொடுத்தார்.

"படிக்கிற டொக்டரா செய்யப்போறார்" என்ற கேள்விக்குள் இந்த 5 படியும் ஒளிந்திருக்கிறது. இரண்டாம் படியில் நிற்கிற ரெஜிஸ்ட்ராரின் கை ஒரு திருகாணியைத் தவறான கோணத்தில் கொண்டு போனால், எதிரே நிற்கிறவரின் கை அதை அங்கேயே நிறுத்தும். ஆகவே வார்டில் "நீங்களா செய்யிறீங்கள்?" என்று கேட்பதைவிட, "ஒப்பரேசன் நேரம் கன்சல்டன்ட் மேசையில நிப்பாரா?" என்று கேட்பது நல்லது. அதற்கு நேராகப் பதில் சொல்லலாம். சொல்லவும் வேண்டும்.

என்னென்ன, எந்த ஒழுங்கில்?

எண்ணிக்கைப் பட்டியல் எல்லாவற்றையும் ஒரே தட்டில் வைக்கிறது. உண்மையில் சில திறன்கள் முதல் மாதத்திலேயே வேண்டும், சில கடைசி வருடத்தில் வந்தாலும் போதும். வன்னியிலிருந்து பார்த்தால் அந்த ஒழுங்கு இப்படி இருக்க வேண்டும் என்பது என் கருத்து.

1. விலகிய கணுக்காலை உடனே நேராக்குவது. மோட்டார் சைக்கிள் விழுந்து பாதம் ஒரு பக்கம் திரும்பிக் கிடக்கிறது. உள்பக்கத் தோல் எலும்பின்மேல் இழுபட்டு வெளிறிப்போயிருக்கிறது. அந்தத் தோலுக்கு நேரம் இல்லை. முல்லைத்தீவிலிருந்து யாழ்ப்பாணம் 100 கிலோமீற்றருக்கு மேல். அப்படியே அம்புலன்ஸில் ஏற்றினால் போய்ச் சேரும்போது முறிவைவிடத் தோல்தான் பெரிய பிரச்சினையாகியிருக்கும். வலி குறைக்க மருந்து கொடுத்து, முழங்காலை மடக்கி, குதிக்காலைப் பிடித்து இழுத்து நேராக்கி, பின்பக்கம் ஒரு பிளாஸ்டர் தாங்கி போட்டு, விரல்களின் நிறத்தையும் நாடித் துடிப்பையும் பார்த்து, அதன் பிறகே அனுப்ப வேண்டும். இதற்கு நிபுணர் தேவையில்லை, பழகிய எந்த டொக்டரும் செய்யலாம். ஆகவே இதை அறிந்துகொள்வது மட்டும் ரெஜிஸ்ட்ராருக்குப் போதாது. மாவட்ட வைத்தியசாலை டொக்டர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிற அளவுக்கு அவர் அதில் தேறியிருக்க வேண்டும்.

2. விரலால் தொட்டு முறிவைத் தேடுவது. 1992இல் கனடாவின் ஒட்டாவா நகரில் உருவான ஒரு விதி உலகம் முழுக்கப் பாவனையில் உள்ளது. கணுக்கால் நோகிறவர்களில் இரண்டு பக்கக் கணு எலும்புகளில் ஏதாவது ஒன்றின் பின்விளிம்பையோ நுனியையோ அழுத்தும்போது நொந்தால், அல்லது 4 எட்டு வைக்க முடியாவிட்டால், எக்ஸ்றே எடு. பாதத்துக்கும் இதுபோல இரண்டு இடம் உண்டு. கேட்க இலகு. ஆனால் விரல் எந்த எலும்பின்மேல் நிற்கிறது என்று தெரியாதவருக்கு அந்த விதி உதவாது. நடுப்பாத முறிவு இன்னும் மோசம். நெப்போலியனின் படையில் இருந்த பிரெஞ்சு சத்திரசிகிச்சையாளர் லிஸ்பிராங்கின் பெயரால் அழைக்கப்படும் அந்தக் காயத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்று முதல் பார்வையில் தவறிவிடுகிறது. படுக்க வைத்து எடுத்த எக்ஸ்றேயில் எல்லாம் சரியாகத் தெரியும். எழும்பி நின்று எடுத்தால் எலும்புகள் விலகுவது தெரியும். உள்ளங்காலில் கன்றிய நீலம் கண்டால், "சுளுக்கு, எண்ணெய் போடுங்கோ" என்று அனுப்பக்கூடாது.

3. காத்திருப்பது. ஒப்பரேசனுக்கு வந்தவர் 10 நாள் காலை உயர்த்தி வைத்துக்கொண்டு படுத்திருப்பதைப் பார்த்து, வார்டில் கவனிக்கவில்லை என்று வீட்டுக்காரர் கோபப்படுகிறார். பல வேளைகளில் அங்கே நடப்பது கவனிப்புத்தான். வீங்கி இறுகிய தோலை வெட்டினால் தையல் பொருந்தாது, பிரியும், சீழ் பிடிக்கும், உலோகம் வெளியே தெரியும். ஆகவே ரெஜிஸ்ட்ரார் தினமும் காலையில் வந்து கட்டைத் தளர்த்தி, கணுக்காலின் தோலை விரலால் மெல்ல ஒதுக்கிப் பார்க்கிறார். முதல் நாள் தோல் பலூன்போல மினுங்கும். ஒரு வாரம் போன பிறகு, சில வேளை இரண்டு வாரம் போன பிறகு, ஒரு காலையில் மெல்லிய சுருக்கங்கள் விழும். வீக்கம் வற்றிவிட்டது, இனி வெட்டலாம் என்பதற்கு அதுதான் அடையாளம். எந்த இயந்திரமும் தேவையில்லாத சோதனை இது, ஆனால் ஒவ்வொரு நாளும் வந்து பார்க்கிற ஒருவர் வேண்டும். நல்ல பயிற்சி எங்கே நடக்கிறது என்று அறிய என்னைக் கேட்டால், இந்தத் தோலை யார் எத்தனை நாள் பார்த்தார் என்றுதான் கேட்பேன்.

4. வெட்டாமல் விடுவது. பனையிலிருந்து விழுந்தவர், பாலைப்பழம் பறிக்கக் காட்டில் ஏறி விழுந்தவர், கிணற்றுக் கட்டிலிருந்து சறுக்கியவர் எல்லோருக்கும் முதலில் தரையில் மோதுவது குதிக்கால். (குதிக்கால் முறிந்தவரின் முதுகையும் பார்க்க வேண்டும். ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு முதுகெலும்பிலும் முறிவு இருக்கும்.) படத்தில் அந்த எலும்பு நொறுங்கிக் கிடப்பதைப் பார்க்கிற இளம் டொக்டருக்குப் பொருத்திப் பார்க்க ஆசை வரும். ஆனால் 2014இல் வெளியான பிரித்தானிய ஆய்வு ஒன்றில், இப்படிப்பட்ட 151 பேரை ஒப்பரேசன் செய்தும் செய்யாமலும் 2 வருடம் பின்தொடர்ந்தார்கள். வலியிலும் நடமாட்டத்திலும் வேறுபாடு தெரியவில்லை. சிக்கலும் மறு ஒப்பரேசனும் வெட்டியவர்களில் 23 வீதம், வெட்டாதவர்களில் 4 வீதம். எல்லாக் குதிக்கால் முறிவுக்கும் இது பொருந்தாது. தோலைக் கிழிக்கிறபடி எலும்பு தள்ளிக்கொண்டு நிற்பவை போன்ற சில அந்த ஆய்வுக்கு வெளியே இருந்தன. எது எந்த வகை என்று பிரித்தறிவதுதான் பயிலுநரிடம் எதிர்பார்க்கிற திறன்.

5. கணுக்கால் முறிவைப் பொருத்துவது. 15 என்ற எண் சொல்வது இதைத்தான். தகடும் திருகாணியும் போடுகிற கைவேலை சில மாதத்தில் படிந்துவிடும். வெளிக்கணு சரியான நீளத்துக்கு வந்ததா, இரண்டு கால் எலும்புகளும் கீழே சேருகிற இடம் விரிந்து நிற்கிறதா என்று தியேட்டரிலேயே படம் எடுத்துச் சரிபார்த்து, சரியில்லாவிட்டால் போட்டதைக் கழற்றி மறுபடி போடுகிற நேர்மை வரத்தான் நாள் எடுக்கும். அந்த 1 மில்லிமீற்றரை மறக்க வேண்டாம்.

6. மூட்டு இணைப்பு, தாலசு முறிவு, பழைய வளைவுகளைத் திருத்துவது. இவை கடைசி வருடத்துக்கும் அதற்குப் பிந்திய தனிப் பயிற்சிக்கும் உரியவை. கணுக்காலை இணைப்பதற்கு முன் கேட்க வேண்டிய ஒரு கேள்வி மட்டும் முதல் வருடத்திலேயே வர வேண்டும்: "என்ன வேலை செய்யிறீங்கள்? வீட்டில எந்த மலசலகூடம்?" இணைத்த கணுக்காலோடு நேராக நடக்கலாம், வலியும் போய்விடும். குந்தி இருப்பது கஷ்டம். நாற்று நடுகிறவருக்கும், நிலத்தில் உட்காரும் மலசலகூடம் பாவிக்கிறவருக்கும் அதை முன்கூட்டியே சொல்லாமல் ஒப்பரேசன் செய்வது சரியில்லை.

பட்டியலில் சிறிதாக, வன்னியில் பெரிதாக

சலரோகக் கால்தான் முதலாவது. நரம்பு மரத்துப்போன பாதத்துக்கு முள் குத்தினாலும் தெரியாது, சுடுமணல் பொசுக்கினாலும் தெரியாது. நேர்த்திக்காக வெறுங்காலோடு வற்றாப்பளை அம்மன் கோயிலுக்கு நடந்து போய்வந்தவர், மறுநாள் பாதத்தில் கொப்புளத்தைக் கண்டுதான் சுட்டதை அறிகிறார். இதைக் கண்டுபிடிக்கிற கருவி ஒரு நைலோன் நூல். 10 கிராம் அழுத்தத்தில் வளையும்படி செய்தது. கண்ணை மூடச் சொல்லி, உள்ளங்காலில் நூல் வளையும்வரை தொட்டு, "படுதா?" என்று கேட்க வேண்டும். "இல்லை" என்று பதில் வருகிற இடங்களில்தான் நாளைக்குப் புண் வரும். பழகும் டொக்டர் ஒரு விரலை எடுக்கப் பழகுவதற்கு முன் இந்த நூலை நூறு பாதத்தில் வைத்துப் பார்த்திருக்க வேண்டும். நோவு குறைவாக, ஆனால் சூடாகச் சிவந்து வீங்கிய சலரோகப் பாதத்தைக் கிருமி என்று நினைத்து மருந்து மட்டும் கொடுத்து அனுப்பிவிடுவது இன்னொரு தவறு. உள்ளே எலும்புகள் நொறுங்கிக்கொண்டிருக்கும் சார்க்கோ பாதமாக அது இருக்கலாம். அதற்கு வேண்டியது பாரம் படாமல் பல மாதம் பிளாஸ்டர்.

அடுத்தது பிறவியிலேயே உள்நோக்கி வளைந்த பாதம். ஏறக்குறைய 1000 பிறப்புக்கு ஒன்று. இன்று இதற்குப் பெரிய ஒப்பரேசன் அரிதாகவே தேவை. அமெரிக்காவின் ஐயோவாவில் வேலை செய்த இக்னாசியோ பொன்செட்டி வகுத்த முறையில், கிழமைக்கு ஒரு பிளாஸ்டராக ஐந்தாறு போட்டால் பாதம் திரும்பிவிடும். பெரும்பாலானவர்களுக்குக் கடைசியில் குதிநாணில் சின்ன வெட்டு ஒன்றும் வேண்டும். பழகிய கையின் பெருவிரல் தாலசின் தலையில் நிற்கும், பழகாத கையின் பெருவிரல் அதற்கு வெளியே வேறு எலும்பில் நின்று திருத்தத்தைத் தடுக்கும். பிளாஸ்டர் முடிந்ததும் இரண்டு சப்பாத்தும் ஒரு கம்பியும் சேர்ந்த கருவியை முதல் 3 மாதம் நாளுக்கு 23 மணித்தியாலம் போட வேண்டும். பிறகு 4 வயது வரை தூங்கும்போது. பிள்ளை அழுகிறது என்று கழற்றி வைத்தால் வளைவு திரும்பி வரும். ஆகவே தாயோடு பொறுமையாகப் பேசுவதும் இங்கே சத்திரசிகிச்சைத் திறனில் ஒரு பகுதி.

மூன்றாவது மிதிவெடி. இலங்கை 2017இல் மிதிவெடித் தடை உடன்படிக்கையில் சேர்ந்தது. முகமாலை போன்ற இடங்களில் வெடி அகற்றும் வேலை பல வருடமாக நடந்துவருகிறது. புதுக் காயங்கள் அருகிவிட்டன. ஆனால் பழைய காயத்தோடு வாழ்கிறவர்கள் கிளினிக்குக்கு வந்துகொண்டுதான் இருப்பார்கள். மிச்சக்காலின் நுனியில் புண், எலும்பு முனை குத்துவது, பொய்க்கால் பொருந்தாமல் போவது, மற்றக் கால் தாங்கித் தாங்கித் தேய்வது என்று. யாழ்ப்பாணத்தின் ஜெய்ப்பூர் நிலையம் 1987 முதல் செயற்கைக் கால் செய்து கொடுக்கிறது. வெறுங்காலோடு நடக்கவும் குந்தவும் சேற்றில் இறங்கவும் ஏற்றபடி இந்தியாவில் உருவானது ஜெய்ப்பூர் பாதம். காலை எந்த உயரத்தில் வெட்டினால், தசையை எப்படி மூடினால் அந்தக் கால் நன்றாகப் பொருந்தும் என்று அறிய, பயிலுநர் ஒரு நாளாவது பொய்க்கால் செய்கிறவரின் பட்டறையில் நின்று பார்க்க வேண்டும். இதை விருப்பத்துக்கு விடாமல் கட்டாயமாக்க வேண்டும் என்பேன்.

முறிவு நெரிவு பரியாரியைப் பற்றியும் ஒரு சொல். பலர் முதலில் அங்கே போய்க் கட்டிக்கொண்டுதான் வருகிறார்கள். ஏசினால் அடுத்த முறை அந்த விஷயத்தை மறைப்பார்கள். எப்போது கட்டினார்கள், எவ்வளவு இறுக்கம், விரல் விறைத்ததா என்று அமைதியாகக் கேட்டு எழுதிக்கொள்ளப் பழக வேண்டும். இறுக்கக் கட்டிய வீங்கிய காலில் தசைக்கு இரத்தம் போகாமல் தடைப்படுவது மணித்தியாலக் கணக்கில் ஆபத்து.

பழகுவது ஓரிடம், கால் திரும்புவது இன்னோரிடம்

பயிற்சி நடப்பது பெரிய போதனா வைத்தியசாலைகளில். ஒப்பரேசன் முடிந்த கால் திரும்புவதோ மல்லாவிக்கும் ஒட்டுசுட்டானுக்கும் மடுவுக்கும். பயிலுநர் நான்கு, ஆறு மாதத்தில் வேறு பிரிவுக்கு மாறிவிடுவார். தான் பொருத்திய கணுக்கால் ஒரு வருடத்துக்குப் பிறகு வரம்பில் நடந்ததா என்று பெரும்பாலும் அவருக்குத் தெரியவராது. 15, 300 என்ற எண்களில் எதுவும் இதை அளப்பதில்லை. எந்தப் பயிற்சியிலும் பெரிய ஓட்டை இதுவே என்று நினைக்கிறேன். மாதத்துக்கு ஒரு கிளினிக்கையாவது நிபுணரோடு சேர்ந்து மாவட்ட வைத்தியசாலையில் வந்து நடத்தினால், நோயாளியின் பஸ் காசும் மிஞ்சும், பயிலுநர் தன் வேலையின் முடிவையும் கண்ணால் பார்ப்பார்.

அது நடக்கும்வரை இரண்டு இடத்தையும் இணைக்கிற ஒரே பொருள், வீட்டுக்குப் போகும்போது கையில் கொடுக்கிற டயக்னோசிஸ் கார்ட். அதை எழுதுவது பெரும்பாலும் வார்டில் உள்ள இளைய டொக்டர்கள், பல வேளை இரவில், அடுத்த நோயாளி காத்திருக்கும்போது. "கணுக்கால் முறிவு, ஒப்பரேசன் செய்யப்பட்டது, கிளினிக் வரவும்" என்று மட்டும் அதில் இருந்தால், புதுக்குடியிருப்பில் அதைப் பிரித்துப் படிக்கிற டொக்டரால் ஒன்றும் செய்ய முடியாது. கார்டை வாங்கியதும் வார்டை விட்டு இறங்க முதல் 4 விடயம் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்: தையல் வெட்டும் திகதி, எந்தத் திகதி வரை காலை ஊன்றக்கூடாது, எந்தத் திகதியிலிருந்து பாதத்தை அசைக்கத் தொடங்கலாம், காய்ச்சலோ சீழோ வந்தால் எங்கே போக வேண்டும். ஒன்று விடுபட்டிருந்தால் திரும்பிப் போய் எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள்.